பேட்ச் ஃபைல் அழிக்கவில்லையா, தப்பாக அழிக்கிறதா? விண்டோஸில் பழுது பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்தால், ஊரில் பாதிப் பேரின் ஆதார் அட்டையும் பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கமும் அதில் கிடக்கும். யாரும் வேண்டுமென்று சேர்த்து வைப்பதில்லை. அழிக்க நேரம் இருப்பதில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இதற்காகவே ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஸ்கிரிப்ட்) எழுதி, இரவு பத்து மணிக்குத் தானாக ஓடும்படி வைத்திருந்தார். நான்கு மாதம் கழித்து, “அண்ணே, டிஸ்க் நிறைஞ்சுபோச்சு” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அந்த ஸ்கிரிப்ட் ஒரு நாள்கூட ஒரு ஃபைலையும் அழித்திருக்கவில்லை. ஆனால் குறித்த நேரத்தில் அதை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் 0x0, அதாவது வேலை முடிந்தது என்று பதிவாகியிருந்தது.

இதை நல்ல நேரம் என்றே சொல்வேன். அழிக்காத ஸ்கிரிப்டைத் திருத்திவிடலாம். தப்பான இடத்தில் நின்று அழித்த ஸ்கிரிப்டைத் திருத்தி என்ன பயன்? கட்டளை வழியாக அழிப்பது எதுவும் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டெல் என்றால் டி, இ, எல். ஆர்டி என்றால் இரண்டே எழுத்து. ஃபார்ஃபைல்ஸ் இடைவெளி இல்லாத ஒரே சொல். /எஸ், /க்யூ போன்றவை ஒற்றை எழுத்துகள். /பி மட்டும் இரண்டு விதம்: டிஐஆரிலும் எக்ஸிட்டிலும் வருவது ‘பேட்ச்’ என்பதன் முதல் ஆங்கில எழுத்து; ஃபார்ஃபைல்ஸிலும் %~டிபி0 என்பதிலும் வருவது ‘பாத்’ என்பதன் முதல் எழுத்து.

இரண்டு கட்டளைகளின் வேலைப் பிரிவையும் மனதில் வையுங்கள். டெல் ஃபைல்களை மட்டும் அழிக்கும், ஃபோல்டரைத் தொடாது. ஆர்டி ஃபோல்டரை அழிக்கும். உள்ளே ஏதாவது இருந்தால் /எஸ் வேண்டும். “டெல் /எஸ் போட்டும் காலி ஃபோல்டர்கள் அப்படியே நிற்கின்றன” என்பவர்களுக்கு இதுதான் பதில்.

முதல் படி: அழிக்கும் வேலையை வெளியே எடுங்கள்

பழுது பார்க்கும் ஸ்கிரிப்ட், பழுது பார்க்கும் நேரத்தில் அழிக்கக் கூடாது. ஃபோல்டரை நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பிறகு அழிக்கும் ஒவ்வொரு வரியின் முன்னாலும் எக்கோ என்று சேருங்கள்:

எக்கோ டெல் /க்யூ "%இலக்கு%\*.பிடிஎஃப்"

முதல் வரியில் உள்ள ‘எக்கோ ஆஃப்’ வரியைத் தூக்கிவிடுங்கள். ஃபைலை டபுள் கிளிக் செய்யாமல், கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலைத் திறந்து அதிலிருந்து ஓட்டுங்கள். அப்போதுதான் ஜன்னல் மூடிக்கொள்ளாமல், வந்த பிழைச் செய்தி கண்முன் நிற்கும். திரையில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

டெல் /க்யூ "\*.பிடிஎஃப்"

இலக்கு என்ற வேரியபிள் (ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர்) காலி என்பது இந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. அதோடு, வெறும் \ என்றால் நிற்கும் டிரைவின் வேர் ஃபோல்டர். எக்கோ இல்லாமல் ஓட்டியிருந்தால் அங்கே இருக்கும் பிடிஎஃப் எல்லாம் போயிருக்கும். டெல்லுக்குப் பதில் ஆர்டி /எஸ் /க்யூ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எக்கோ காட்டுவது கட்டளையை மட்டும்தான். நட்சத்திரக் குறிக்குள் எந்தெந்த ஃபைல் சிக்கும் என்பதைக் காட்டாது. அதற்கு டெல்லின் இடத்தில் டிஐஆர் போட்டு, /பி சேர்த்து அதே பாதையைக் கொடுங்கள். டெல்லில் /எஸ் இருந்தால் இதிலும் /எஸ் வேண்டும். வரும் பட்டியலில் உள்ள ஃபைல்கள்தான் அழியப்போகிறவை. அதை முழுக்க வாசியுங்கள்.

ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் நிற்கிறது?

நான் பார்த்த பழுதுகளில் பாதி இங்கேதான். கடைக்காரரின் ஃபைலில் இருந்தது ஒரே வரி: டெல் /க்யூ ஸ்கேன்\*.*. முழுப் பாதை இல்லை. அவர் டபுள் கிளிக் செய்து சோதித்தபோது ஸ்கிரிப்ட் தன் சொந்த ஃபோல்டரில் நின்றது, பக்கத்திலேயே ஸ்கேன் ஃபோல்டர் இருந்தது, வேலை நடந்தது. ஷெட்யூலர் வழியாக ஓடும்போது ‘ஸ்டார்ட் இன்’ பெட்டி காலியாக இருந்தால் அது விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் நிற்கும். அங்கே ஸ்கேன் என்று எதுவும் இல்லை. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தாலும் இதே கதை.

நினைத்துப் பாருங்கள்: அவர் ஸ்கேன்\ என்பதை விட்டுவிட்டு வெறும் *.* எழுதியிருந்தால், அட்மின் உரிமையோடு சிஸ்டம்32-க்குள் நின்று அழிக்க முயன்றிருக்கும்.

தீர்வு எளிது. முழுப் பாதையை எழுதுங்கள். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே வேலை என்றால் முதல் வரியாக இதைப் போடுங்கள்:

சிடி /டி "%~டிபி0" || எக்ஸிட் /பி 1

அந்த /டி இல்லாவிட்டால் சிடி டிரைவை மாற்றாது. சி: டிரைவில் நின்றுகொண்டு ‘சிடி டி:\பழசு’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘டெல் /க்யூ *.*’ என்று எழுதினால், ஸ்கிரிப்ட் சி: டிரைவிலேயே நின்று அங்கே இருப்பதை அழிக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இரட்டைக் கோடும் எக்ஸிட்டும், ஃபோல்டருக்குள் போக முடியாவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்கின்றன. அழிக்கும் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு சிடிக்குப் பின்னும் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெட்வொர்க் பாதைக்குள் சிடி போகாது. அங்கே புஷ்டி (புஷ் என்ற சொல்லோடு டி) பயன்படுத்துங்கள். அது ஒரு தற்காலிக டிரைவ் எழுத்தைக் கொடுத்து உள்ளே அழைத்துப்போகும். வெளியே வர பாப்டி.

வேரியபிளில் என்ன இருக்கிறது?

செட் இலக்கு = டி:\ஸ்கேன் என்று, சமக் குறியின் இருபுறமும் இடைவெளி விட்டு எழுதுவது பலருக்கும் பழக்கம். பேட்ச் மொழி இதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறது: வேரியபிளின் பெயரே இடைவெளியோடு சேர்ந்து ‘இலக்கு ’ ஆகிவிடும். பிறகு %இலக்கு% என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை. இல்லாத வேரியபிளை ஸ்கிரிப்ட் காலியாக எடுத்துக்கொள்ளும். சரியான முறை, மொத்தத்தையும் கோட்ஸுக்குள் வைப்பது:

செட் "இலக்கு=டி:\ஸ்கேன்"

வரி முடிவில் தெரியாமல் ஒட்டிய இடைவெளியும் இதனால் உள்ளே வராது. அடுத்த வரியிலேயே காவல் போடுங்கள்: இஃப் நாட் டிஃபைண்டு இலக்கு எக்ஸிட் /பி 1.

இந்தக் காவல் இல்லாததால் பெரிய மென்பொருளும் சறுக்கியிருக்கிறது. 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் பதிப்பில் இதே வகைப் பிழை வெளிவந்தது. ஃபோல்டர் பெயரைத் தாங்க வேண்டிய வேரியபிள் காலியாகிப்போக, அழிக்கும் கட்டளை டிஸ்கின் வேரிலிருந்து தொடங்கியது. இணைத்து வைத்திருந்த பேக்கப் டிரைவும் சேர்ந்து போனதாகப் பயனர் ஒருவர் முறையிட்டிருந்தார்.

வேரியபிளுக்கு பாத் என்று பெயர் வைக்காதீர்கள். பாத் விண்டோஸின் சொந்த வேரியபிள். அதை மாற்றியதும் ஃபார்ஃபைல்ஸ், ரோபோகாபி எல்லாம் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று நிற்கும். டெல்லும் ஆர்டியும் மட்டும் வேலை செய்வதால் காரணம் பிடிபடாமல் குழம்புவோம். டெம்ப், டேட் போன்ற பெயர்களும் அப்படித்தான். அதேபோல் ஸ்கிரிப்டுக்கு ஃபார்ஃபைல்ஸ்.பேட் என்று பெயர் வைத்தால், உள்ளே ஃபார்ஃபைல்ஸைக் கூப்பிடும்போது அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும்.

அடைப்புக்குறிக்குள் செட் செய்த வேரியபிள் அதே அடைப்புக்குள் பழைய மதிப்பையே காட்டினால், ஸ்கிரிப்டில் தவறில்லை என்று எண்ண வேண்டாம். அடைப்பு முழுவதும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டு, % குறிகள் அப்போதே நிரப்பப்பட்டுவிடுகின்றன. செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன் போட்டு %க்குப் பதில் ! பயன்படுத்துங்கள். ஃபார் சுற்றில், திரையில் தட்டும்போது ஒரு %. பேட்ச் ஃபைலுக்குள் இரண்டு %%.

பிழைச் செய்தி என்ன சொல்கிறது?

‘குட் நாட் ஃபைண்ட்’: ஃபைல் கண்முன்னே இருக்கும்போது இது வந்தால், முதலில் கோட்ஸைப் பாருங்கள். இடைவெளி உள்ள பாதை கோட்ஸ் இல்லாமல் இருந்தால் இரண்டாக உடைந்துவிடும். அடுத்து, மறைந்த ஃபைல்களை டெல் பார்ப்பதில்லை. /ஏ சேர்த்தால் பார்க்கும். மூன்றாவது, டெஸ்க்டாப். ஒன்டிரைவ் பேக்கப் போட்டிருந்தால் டெஸ்க்டாப் உங்கள் பயனர் ஃபோல்டருக்கு நேர் கீழே இருக்காது. ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கும். நான்காவது, மேப் செய்த டிரைவ், அதாவது டிரைவ் எழுத்து கொடுத்து வைத்த நெட்வொர்க் ஃபோல்டர். சாதாரணமாகத் திறந்தால் தெரியும் இசட்: டிரைவ், அட்மினாக ஓட்டும்போது பொதுவாகத் தெரியாது. பயனர் லாகின் செய்யாதபோதும் ஓடும்படி வைத்த டாஸ்க்குக்கும் தெரியாது. டிரைவ் எழுத்தை விட்டு, இரட்டை \\ போட்டுத் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள்.

‘ஆக்சஸ் இஸ் டினைடு’: ரீட் ஒன்லி ஃபைல் என்றால் டெல்லோடு /எஃப் போதும். உரிமைப் பிரச்சினை என்றால் அட்மினாக ஓட்டிப் பாருங்கள். பழைய டிஸ்கிலிருந்து வந்த ஃபோல்டராக இருந்தால் முதலில் டேக்ஓன் /எஃப் "பாதை" /ஆர், பிறகு ஐசிஏசிஎல்எஸ் கட்டளையால் உரிமை கொடுக்கலாம். விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ் பக்கம் மட்டும் இந்த இரண்டையும் கொண்டுபோகாதீர்கள்.

‘யூஸ்டு பை அனதர் பிராசஸ்’: யாரோ அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியூ பக்கம் போய், ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ தேடல் பெட்டியில் ஃபைல் பெயரைத் தட்டினால் எந்தப் புரோகிராம் என்று காட்டும். பெரும்பாலும் பிடிஎஃப் வாசிப்பான்தான். ஃபோல்டர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: அந்த ஃபோல்டருக்குள்ளேயே நிற்கும் ஒரு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல். உங்கள் ஸ்கிரிப்ட் எழுதும் லாக் ஃபைல் அதே ஃபோல்டரில் இருந்தாலும் பூட்டிக்கொள்ளும்.

‘டைரக்டரி இஸ் நாட் எம்ப்டி’: ஆர்டி /எஸ் போட்டும் சில நாள் மட்டும் இது வந்தால், அழிக்கும் நொடியில் ஆன்டிவைரஸோ தேடல் இண்டெக்ஸரோ உள்ளே எதையோ தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு விநாடி விட்டு மறுபடி முயலச் செய்யுங்கள். மூன்று முறைக்குள் பெரும்பாலும் போய்விடும்.

பாதை 260 எழுத்தைத் தாண்டினால் டெல் திணறும். அதற்கு ரோபோகாபி கைகொடுக்கும்: ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கி, ரோபோகாபி "டி:\காலி" "டி:\பழசு" /எம்ஐஆர் என்று ஓட்டினால் பழசும் காலியாகிவிடும், பிறகு ஆர்டி. இங்கே எர்ரர்லெவல் (கட்டளை முடிந்ததும் திருப்பித் தரும் எண்) 2 வந்தால் பயப்படாதீர்கள். ரோபோகாபியில் 8-க்குக் கீழே எதுவும் தோல்வி இல்லை.

நட்சத்திரக் குறியும் தமிழ்ப் பெயர்களும்

*.எச்டிஎம் என்று கேட்டால் .எச்டிஎம்எல் ஃபைல்களும் சேர்ந்து அழியக்கூடும். நீளமான பெயருள்ள ஃபைல்களுக்கு விண்டோஸ் பழைய டாஸ் பாணியில் எட்டும் மூன்றும் எழுத்துள்ள ஒரு குறும்பெயரையும் வைத்திருக்கலாம். அந்தக் குறும்பெயரில் நீட்சி மூன்றெழுத்தாக வெட்டுப்பட்டிருக்கும். நட்சத்திரக் குறி அதையும் பார்க்கும். டிஐஆர் /எக்ஸ் போட்டால் குறும்பெயர்கள் தெரியும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை அழிப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள். பழைய நோட்பேட், ஃபைலை ஆன்ஸி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கும். ஆன்ஸியில் தமிழ் எழுத்துக்கு இடமில்லாததால் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறும். ‘கணக்கு’ கண்ணுக்கு நான்கெழுத்து; கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் உகரக் குறியும் சேர்த்து ஆறு. ஆகவே டெல் "கணக்கு.டிஎக்ஸ்டி" என்று நீங்கள் எழுதியது, டெல் "??????.டிஎக்ஸ்டி" என்று சேமிக்கப்படும். விண்டோஸில் கேள்விக்குறி ‘ஏதோ ஓர் எழுத்து’ என்று பொருள்படும். ஆறெழுத்துக்கு மிகாத பெயருள்ள அத்தனை டிஎக்ஸ்டி ஃபைல்களும் போய்விடும்.

விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட், தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 முறையில், பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாமல் சேமிக்கிறது. அதுதான் வேண்டும். பிஓஎம் ஒட்டியிருந்தால் முதல் வரியே புரியாத கட்டளை என்று திரும்பிவரும். தமிழ் வரும் வரிகளுக்கு மேலே, யூடிஎஃப்-8 முறைக்கு மாறச் சொல்லும் சிஎச்சிபி 65001 என்ற கட்டளையைப் போடுங்கள். கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருக் குறைதான். உள்ளே பெயர் சரியாகவே இருக்கும்.

இன்னொன்று. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றே. விண்டோஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ‘கொடுமுடி’ என்று அச்சுப்பிசகாமல் தட்டியும் ஃபைல் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் ஃபைலின் பெயரை நகலெடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டுங்கள்.

பழைய ஃபைல்களை மட்டும் அழிக்க

ஃபார்ஃபைல்ஸ் இதற்காகவே உள்ளது. /டி -30 என்றால் கடைசியாகத் திருத்தி 30 நாளோ அதற்கு மேலோ ஆனவை. பாதையின் முடிவில் \ வைத்துக் கோட்ஸை மூடினால் குழம்பும், \ வேண்டாம். @பாத் (கிடைத்த ஒவ்வொரு ஃபைலின் முழுப் பாதை) தானே கோட்ஸோடு வருவதால் நீங்கள் போட வேண்டியதில்லை. \\ பாதைகளை இது ஏற்காது. புஷ்டி போட்டு உள்ளே போங்கள். ஒரு தடவையில் ஒரு வகை நீட்சிதான் கொடுக்க முடியும்.

இது பார்ப்பது திருத்திய தேதியை. பென்டிரைவிலிருந்து இன்று காலை நகலெடுத்த ஃபைலாக இருந்தாலும், அதன் திருத்திய தேதி போன வருடமாக இருந்தால் இன்று இரவே போய்விடும். வாடிக்கையாளர் கொண்டுவரும் ஃபைல்களை ஸ்கேன் ஃபோல்டரில் வைக்காமல் தனி ஃபோல்டர் வைக்கச் சொல்வது இதனால்தான்.

கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்தது

@எக்கோ ஆஃப்
சிஎச்சிபி 65001 >நல்
செட் "இலக்கு=டி:\ஸ்கேன்"
செட் "பதிவு=டி:\பதிவு\ஸ்கேன்.லாக்"
இஃப் நாட் டிஃபைண்டு இலக்கு எக்ஸிட் /பி 1
இஃப் நாட் எக்ஸிஸ்ட் "%இலக்கு%\அடையாளம்.டிஎக்ஸ்டி" எக்ஸிட் /பி 2
ஃபார்ஃபைல்ஸ் /பி "%இலக்கு%" /எஸ் /எம் *.பிடிஎஃப் /டி -1 /சி "சிஎம்டி /சி டெல் /எஃப் @பாத்" >>"%பதிவு%" 2>&1
ஃபார்ஃபைல்ஸ் /பி "%இலக்கு%" /எஸ் /எம் *.பிடிஎஃப் /டி -1 /சி "சிஎம்டி /சி எக்கோ @பாத்" >>"%பதிவு%" 2>நல் && எக்ஸிட் /பி 3
எக்ஸிட் /பி 0

அடையாளம்.டிஎக்ஸ்டி, ஸ்கேன் ஃபோல்டரில் நாமே வைத்த ஒரு சிறு ஃபைல். அது கண்ணில் படாவிட்டால் ஸ்கிரிப்ட் தப்பான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம், உடனே நின்றுவிடும். கடைசிக்கு முந்தைய வரி, அழித்த பிறகும் மிச்சம் இருப்பதைத் தேடுகிறது. இருந்தால் பெயரை எழுதிவைத்து 3 என்று திரும்பும்.

இந்த மிச்சத் தேடல் ஏன்? ஃபைலை அழிக்க முடியாமல் போனாலும் டெல் எர்ரர்லெவலை 0 என்றே விடும். நான்கு மாதம் ஷெட்யூலர் 0x0 என்று காட்டியதற்குக் காரணம் இதுதான். அழித்ததா என்று டெல்லைக் கேட்காதீர்கள். ஃபைல் இன்னும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ பெட்டியை நிரப்புங்கள். அங்கே கோட்ஸ் போடக் கூடாது. பதிவு ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள். டாஸ்க் ‘ரன்னிங்’ என்றே மணிக்கணக்கில் நின்றால், டெல் எங்கோ ‘நிச்சயமா?’ என்று கேட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத திரையில் பதிலுக்குக் காத்திருக்கிறது. /க்யூ விட்டுப்போயிருக்கும்.

தப்பாக அழிந்துவிட்டால்

உடனே ஸ்கிரிப்டை நிறுத்துங்கள், கன்ட்ரோல், சி. அந்த டிரைவில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள், எதையும் டவுன்லோட் செய்யாதீர்கள். அழிந்த ஃபைலின் இடம் இன்னொன்றால் நிரம்பும் வரைதான் நம்பிக்கை. ஒன்டிரைவ் ஃபோல்டராக இருந்தால் வலைத்தளத்தில் அதன் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வைத்திருக்கும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால், விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதல் கிடைக்கும் ‘விண்டோஸ் ஃபைல் ரெகவரி’ என்ற இலவசக் கருவி மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளது. மீட்ட ஃபைல்களை வேறு டிரைவில்தான் எழுத வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஓரளவு கிடைக்கும். எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் வேலை அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். அதனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், பிழையைக் கண்ட அந்த நிமிடமே தொடங்குங்கள்.